ஆம்ப்ளிஃபயரா, ஸ்பீக்கரா? முதலில் ஹாலைப் பாருங்கள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐயா காலத்து வீடு, முகப்பைத் தாண்டினால் 30 அடி நீளம், 16 அடி அகலம், 14 அடி உயரத்தில் ஒரு ஹால். அதில் ஒரு 40 வாட் ஆம்ப்ளிஃபயர், ஐந்தங்குல ஊஃபர் (கீழ் ஸ்தாயிக்கான கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கர் ஜோடி, அப்பச்சி வாங்கிவைத்த டர்ன்டேபிள், மற்ற நேரமெல்லாம் போனிலிருந்து புளூடூத். "பாட்டுப் போட்டால் எல்லாம் கலந்துகட்டி இரைச்சலாக இருக்கிறது, சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம், கையில் 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன், 100 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிடலாமா அண்ணே?"

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

இதை நான் புத்தி சொல்லும் தோரணையில் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எனக்குக் கோட்டையூர், உங்கள் வீடு மாதிரியே ஒரு வீடு. பல வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கடையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கேட்டு மயங்கி, 14 கிலோ பெட்டியை ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். வீட்டில் போட்டால் பழைய கூச்சலே, கொஞ்சம் அதிகச் சத்தமாக. கடைக்காரருக்குப் போன் செய்தால், ஸ்பீக்கர் கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று இன்னொரு எட்டாயிரத்துக்கு வழி சொன்னார். அந்தக் கடையின் அறை நினைவுக்கு வர எனக்கு ஆறு மாசம் ஆனது: கால் புதையும் கம்பளம், மூன்று பக்கமும் கனத்த திரை, பஞ்சு சோபா, என் தலைக்கு இரண்டடி மேலே பொய்க்கூரை. நான் கேட்டு மயங்கியதில் பாதி அந்த அறை.

அதனால் முதல் வேலை ஒரு சோதனை. காலணா செலவில்லை. சாயங்காலம் ஸ்பீக்கர் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போங்கள். வளவில், அதாவது நடுமுற்றத்தில், வைக்காதீர்கள், மேலே வானம் தெரிந்தாலும் நாலு பக்கமும் சுவர் இருக்கிறது. கிணற்றடியில் இரண்டு ஸ்டூல் போட்டு, ஆறடி இடைவெளியில் ஸ்பீக்கரை வைத்து, ஆறடி தள்ளி உட்கார்ந்து, நீங்கள் நன்றாக அறிந்த ஒன்றைப் போடுங்கள். நான் குன்னக்குடி வைத்தியநாதன் வயலின் போடுவேன், பக்கத்து ஊர்க்காரர் என்ற பாசமும் உண்டு, வில் திரும்பும் இடம் காதில் விழுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வெளியில் சுவர் இல்லாததால் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயிச் சத்தம், கொஞ்சம் மெலியும், அதை விட்டுவிடுங்கள். குரலும் வயலினும் மிருதங்கமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கின்றனவா? கேட்டால் உங்கள் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பெரிய வியாதி எதுவும் இல்லை, கோளாறு ஹாலில். அங்கேயும் கரகரவென்று கலங்கலாகக் கேட்டால் ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளையில் ஒரு ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். அதில் சுத்தமாக இருந்தால் ஸ்பீக்கர்தான் ஆள். அதிலும் கலங்கல் என்றால் ஆம்ப்ளிஃபயரோ, அதற்கு முன்னால் உள்ளதோ. பத்து நிமிஷ வேலை, ஆனால் இதைச் செய்யாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

நீங்கள் சொன்ன அளவையும் அறிகுறியையும் வைத்துப் பார்த்தால் ஹால்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது? சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கிய பூச்சு. கையை வைத்தால் வழுக்குகிறது, நூறு வருஷம் கழித்தும் முகம் தெரிகிறது. கீழே ஆத்தங்குடிக் கல். வெளிச்சத்தை எப்படித் திருப்பி அனுப்புகிறதோ அப்படியே சத்தத்தையும் திருப்பி அனுப்பும். இப்படிப்பட்ட பரப்பு தன்மேல் விழும் சத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும், மிச்சமெல்லாம் திரும்ப ஹாலுக்குள்தான். இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சி ஒரு குரல் கொடுத்தால் முகப்பில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கிறாரே, அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இது.

1895இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு இதே தலைவலி வந்தது. ஃபாக் அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசினால் ஒரு சொல் ஐந்தரை விநாடி ஒலித்துக்கொண்டே இருந்தது, அதற்குள் பேசுகிறவர் அடுத்த பத்துப் பதினைந்து சொல்லைச் சொல்லிவிடுவார், கேட்பவருக்கு எல்லாம் சேர்ந்த கூழ். வாலஸ் சபீன் என்ற இளம் பேராசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து கூடத்தில் அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி நிறுத்திச் சத்தம் அடங்கும் நேரத்தைக் கணக்கெடுத்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் போடுகிறார்கள். அறையின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161ஆல் பெருக்கி, சதுர மீட்டரில் எடுத்த அறையின் மொத்த உறிஞ்சலால் வகுத்தால் சத்தம் அடங்கும் நேரம் விநாடியில் வந்துவிடும். எனக்குப் பிடித்தது அவர் வைத்த அலகு: ஒரு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாகப் போன சத்தம் திரும்பி வருவதில்லை, ஆகவே அது முழு உறிஞ்சல்.

உங்கள் ஹாலுக்குப் போட்டுப் பார்த்தேன். கன அளவு ஏறத்தாழ 190 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 209 சதுர மீட்டர். சராசரியாக நூற்றுக்கு மூன்று உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்த உறிஞ்சல் 6 சொச்சம் சதுர மீட்டர். அடங்கும் நேரம் கிட்டத்தட்ட 5 விநாடி! சாமான், தேக்குத் தூண், ஆட்கள் எல்லாம் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் பாட்டு கேட்கும் ஒரு சாதாரண அறையில் இது அரை விநாடிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு வீணை மீட்டு அடங்குவதற்குள் அடுத்த நாலு மீட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்தால் கமகம் எங்கே கேட்கும்? இந்த ஹாலில் 40 வாட்டை எடுத்துவிட்டு 100 வாட் போட்டால் எதிரொலிக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறீர்கள். சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பதில் அதிலேயே இருந்தது.

இப்போது காசில்லாத வைத்தியம். ஒன்று, நாற்காலி. நீங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் இந்த வீடுகளில் ஸ்பீக்கர் ஒரு கோடியிலும் ஊஞ்சலோ சோபாவோ மறு கோடியிலும் இருப்பதுதான் வழக்கம். ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் சத்தம் தூரம் பாதியானால் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடும். எதிரொலியோ ஹால் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பியிருக்கும். அதனால் 14 அடி தள்ளி இருக்கும் நாற்காலியை 7 அடிக்கு இழுத்தால், எதிரொலி அப்படியே இருக்க, பாட்டு மட்டும் 6 டெசிபல் மேலே வருகிறது. நேர் சத்தத்தில் அதே 6 டெசிபலை ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுக்க சக்தியை 4 மடங்காக்க வேண்டும், 40 வாட்டை 160 ஆக்க வேண்டும், அப்போதும் கூடவே எதிரொலியும் அதே அளவு ஏறும். உங்கள் ஹாலில் ஐந்தாறு அடிக்குள் உட்காருவதே நல்லது. விருந்தாளி வந்தால் அசிங்கமாகத்தான் தெரியும், நடு ஹாலில் ஒரு நாற்காலி. கேட்டு முடித்ததும் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

இரண்டு, கதவுகள். முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் கதவு வைத்துக் கட்டியவர்கள் காற்றுக்காகத்தான் கட்டினார்கள், ஆனால் சபீன் கணக்கில் அதெல்லாம் திறந்த ஜன்னல். வளவுப் பக்கம் ஏழுக்கு நாலில் இரண்டு கதவைத் திறந்துவைத்தால் 5 சதுர மீட்டருக்கு மேல் உறிஞ்சல் சேர்கிறது, 5 விநாடி இரண்டரை விநாடிப் பக்கம் இறங்கும். வளவைச் சுற்றியும் சுவர் இருப்பதால் முழுப் பலனும் கிடைக்காது, பாதி கிடைத்தாலும் லாபம்.

மூன்று, மெத்தை. இதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் அதிர்ஷ்டம். கல்யாணம் காட்சிக்கு வரும் சனத்துக்காக வாங்கி, மேல்மாடி அறையில் அடுக்கிவைத்த இலவம்பஞ்சு மெத்தை எந்தப் பழைய வீட்டில்தான் இல்லை? ஆறு மெத்தையைக் கீழே இறக்குங்கள். ஸ்பீக்கருக்கு இரண்டு பக்கத்துச் சுவரில் ஒவ்வொன்று, நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இரண்டு, எதிர் மூலைகளில் இரண்டு, சும்மா சாய்த்துவையுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், பூச்சும் கெடாது, பங்காளிகளிடம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கதவும் மெத்தையும் சேர்ந்து என் கணக்கில் ஒன்றரை விநாடிக்கு வந்துவிடும். ஜமுக்காளம் விரித்தால் போதாதா என்று கேட்பீர்கள். மெல்லிய துணி உச்ச ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் தின்னும், நடு ஸ்தாயி அப்படியே துள்ளிக்கொண்டிருக்கும், குரல் இருப்பதோ அங்கேதான். கனம் வேண்டும், நாலு அங்குலமாவது.

இதையெல்லாம் செய்யும்போதே ஸ்பீக்கரின் பின்பக்கம் பாருங்கள். சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் இரண்டு கூம்பும் எதிரும் புதிருமாக இழுக்கும், பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காமல் காதைச் சுற்றும். ஒரு பழைய மோனோ பாட்டைப் போடுங்கள், பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். அப்புறம் ஒயரின் முனை. என்னுடையதைக் கழற்றியபோது செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. ஒரு அங்குலம் நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினேன். கேபிளுக்குக் காசைக் கொட்டாதீர்கள், கரண்டு சாமான் கடையில் கிடைக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் உங்கள் தூரத்துக்குத் தாராளம்.

முன்துணியையும் கழற்றுங்கள். கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், ரப்பர் என்றால் பெரும்பாலும் தாங்கியிருக்கும், நுரை என்றால் நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பத்துப் பதினைந்து வருஷம்தான். என் பழைய ஸ்பீக்கரில் சும்மா விரலை வைத்தேன், கரியாக விரலில் ஒட்டிக்கொண்டு பொலபொலவென்று உதிர்ந்தது, அது தெரியாமல் இரண்டு வருஷம் அந்தக் கரகரப்பை ஆம்ப்ளிஃபயர் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன். வளையம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், நல்ல ஸ்பீக்கர் என்றால் தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்பீக்கர். சந்தேகமே இல்லை. ஒரு சுமாரான ஆம்ப்ளிஃபயருக்கும் நல்ல ஆம்ப்ளிஃபயருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டு ஸ்பீக்கருக்குள்ள வித்தியாசம் அடுத்த அறையில் இருப்பவருக்கே தெரியும். 190 கன மீட்டர் காற்றை ஐந்தங்குலக் கூம்பு தள்ள முடியாது. தவிலையோ எண்பதுகளின் பேஸ் கிட்டாரையோ அது குறிப்பால் உணர்த்தும், அவ்வளவுதான். எட்டங்குல ஊஃபராவது உள்ள, தரையில் நிற்கும் ஜோடியைப் பாருங்கள், பழையதானாலும் பரவாயில்லை. வாங்கும்போது சென்ஸிட்டிவிட்டி என்று ஒரு எண் போட்டிருக்கும், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. உங்களுடையது 86 என்று வைத்துக்கொள்வோம், 89 உள்ளதை வாங்கினால் அந்த 3 டெசிபல் ஆம்ப்ளிஃபயர் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 92 கிடைத்தால் உங்கள் 40 வாட், 160 வாட் போல வேலை செய்யும். இதை விற்பவர்கள் எடுத்துச் சொல்வதில்லை, 100 வாட் என்று அட்டையில் பெரிதாக அச்சடிப்பதுதான் விலைபோகிறது. இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்றவே ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும், 40க்கும் 100க்கும் நடுவில் 4 டெசிபல்தான்.

ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, மதுரையில் பார்த்தாலும் சரி, உங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள், கடையின் டெமோவைக் கேட்காதீர்கள். முடிந்தால் வீட்டில் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். பழைய ஜோடியை விற்கும் வீடுகளில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், ஒரு காபியும் கிடைக்கும்.

ஆம்ப்ளிஃபயர் எப்போது? அது தானே சொல்லும். உள்ளே எதையும் சொருகாமலே உம்மென்று முனகினால் பெரும்பாலும் மின்தேக்கிகள் வறண்டுவிட்டன. ஒரு பக்கம் வந்து வந்து போனால் ரிலேயோ சுவிட்சோ. வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும், புதுசு வேண்டாம். கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முனகினால் அது சதுர அலை இன்வெர்ட்டரின் குணம், ஆம்ப்ளிஃபயர் மேல் பழி போடாதீர்கள். கம்ப்யூட்டரையோ கேபிள் டிவி பெட்டியையோ இணைத்தால் மட்டும் உறுமினால் எர்த் சுற்று, இரண்டு சாமானும் வெவ்வேறு வழியில் எர்த்துக்குப் போவதால் வருவது. பழைய வீட்டு வயரிங் வேறு, எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், அது பாட்டுக்காக மட்டும் சொல்வதில்லை.

"மூலம்தான் முதல்" என்று, அதாவது பாட்டு புறப்படும் டர்ன்டேபிளோ போனோதான் முக்கியம் என்று, சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் டர்ன்டேபிள் விற்கத் தொடங்கி, அதைக் கொள்கையாகவே ஆக்கியது: தட்டில் எடுக்காமல் விட்டதை ஸ்பீக்கர் கொண்டுவர முடியாது. இசைத்தட்டுக் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 1982இல் குறுந்தட்டு வந்தபின் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது, இன்று உங்கள் போனும் ஒரு சின்ன டி.ஏ.சி.யும் (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் பெட்டி) செய்யும் பிழையை அந்த ஹாலில் யாராலும் கேட்க முடியாது. புளூடூத்கூடப் பெரிய குற்றவாளி இல்லை. பாட்டின் பதிவு குற்றவாளியாக இருக்கலாம், மோனோ பாட்டுக்கு எதிரொலி சேர்த்து ஸ்டீரியோ என்று ஏற்றிவைத்திருக்கிறார்களே, அதை நம் ஹாலில் போட்டால் எதிரொலிக்கு எதிரொலி.

ஆனால் அப்பச்சியின் டர்ன்டேபிளுக்கு ஒரு விதிவிலக்கு தருகிறேன். ஊசி எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதல் செலவே அதுதான், ஸ்பீக்கருக்கும் முன்னால். வைர ஊசிக்கு ஆயுசு 500இலிருந்து 1,000 மணி நேரம், தினம் ஒரு மணி கேட்டால் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டே முக்கால் வருஷம். தேய்ந்த ஊசி நன்றாகப் பாடாது என்பதோடு நிற்காது, தட்டின் பள்ளத்தையே செதுக்கிவிடும், அப்புறம் எத்தனை லட்சம் போட்டாலும் அந்தப் பாட்டு திரும்பாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் குழல் வைத்த கிராமபோன் பார்த்து ஆசைப்பட்டீர்களானால் வாங்குங்கள், முகப்பில் அழகாக இருக்கும். ஏவி. மெய்யப்பன் குடும்பமே காரைக்குடியில் இசைத்தட்டு விற்றுத்தான் ஒலித் தொழிலுக்கு வந்தது, நம் மண்ணுக்கு அந்த உறவு உண்டு. ஆனால் தயவுசெய்து அப்பச்சியின் எல்.பி.யை அந்த இரும்பு ஊசிக்கு அடியில் வைக்காதீர்கள், ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு வேறு ஊசி, இதற்கு வேறு.

ஆகவே உங்கள் 40,000ஐ எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். ஊசிக்கும் ஒயருக்கும் மட்டும் கொஞ்சம் எடுங்கள். நாற்காலி, கதவு, மெத்தை என்று ஒரு மாசம் கேளுங்கள். மாசக் கடைசியில் பேஸ் போதவில்லை என்று தோன்றினால் ஸ்பீக்கர் தேட ஆரம்பியுங்கள், பேஸுக்கென்றே உள்ள சப்ஊஃபரும் சேர்க்கலாம், பக்கத்துப் பங்காளி வீட்டுச் சுவர் பொதுச்சுவர் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அதற்குள் திருப்தியாகிவிட்டால் டிராயரைத் திறக்காதீர்கள்.

மெத்தையை இறக்கியதும் நேராக ஹாலுக்குக் கொண்டுபோய்விடாதீர்கள், இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டுத் தடியால் நாலு அடி அடித்து எடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை, முதல் பாட்டு முழுக்கத் தும்மிக்கொண்டே கேட்டேன், என் வீட்டு எதிரொலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அந்தத் தும்மலில்தான் எனக்கு உறுதியானது.